2020 மார்ச்சில் இறாலை அவசரப்பட்டுப் பிடித்தது தப்பா? மனசில் பட்டதைச் சொல்லுங்கள்

குட்டைக்காரன் (வேதாரண்யம்)

எல்லோருக்கும் வணக்கம். மழை ஓய்ந்து குட்டையைக் காயப் போட்டிருக்கிறேன், தை பிறந்ததும் குஞ்சு விட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் வெடிப்பு விட்ட இந்தத் தரையில் நடக்கும்போது 2020 ஞாபகம் வந்துவிடும். அப்போது நடந்ததை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்.

எனக்கு மூன்று குட்டை, ஒவ்வொன்றும் ஒன்றரை ஏக்கர். 2018 நவம்பரில் கஜா புயல் ஏரேட்டர் (குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கிவிடும் இயந்திரம்), ஷெட், கரண்ட் கம்பம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டது, கடன் வாங்கித்தான் திரும்ப எழுப்பினேன். 2020 ஜனவரி 29 அன்று குட்டைக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வனாமி இறால் குஞ்சு விட்டேன். நன்றாக வந்தது, நோய் எதுவும் இல்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு டிவியில் கொரோனா ஊரடங்கு என்று சொன்னபோது இறாலுக்கு 55 நாள், வீசுவலை போட்டுப் பார்த்ததில் 105 கவுண்ட், அதாவது கிலோவுக்கு 105 இறால். விற்கிற சைஸ் இல்லை. இன்னும் 50 நாள் வளர்த்திருந்தால் 50 கவுண்டுக்கு வந்திருக்கும்.

மூன்று குட்டைக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு மூட்டைத் தீவனம் போகும், கையில் இருந்தது 37 மூட்டை. தீவனக் கடைக்காரரிடம் போன் போட்டால் டிரைவர் வர மாட்டேன் என்கிறார், வழியில் போலீஸ் திருப்பி அனுப்புகிறது என்றார். ஜெனரேட்டருக்கு ஒரே ஒரு பேரல் டீசல். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரே பேச்சு, இறாலைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிற கம்பெனி எல்லாம் மூடுகிறார்கள், அமெரிக்காக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான், ஆறு மாதம் ஆகும் என்று. முந்தைய வாரம் 100 கவுண்டுக்கு 230 ரூபாய் சொன்ன அதே ஏஜென்ட் 25ஆம் தேதி 170 என்றார், 26ஆம் தேதி 140 என்றார், நாளைக்கு இந்த விலையும் சொல்ல முடியாது என்றார். 27ஆம் தேதி விடியக்காலை மூன்று மணிக்கு மதகைத் திறந்து, தண்ணீரை வடித்து இறாலைப் பிடித்துவிட்டேன்.

24ஆம் தேதி அமாவாசை. அமாவாசைக்கு இறால் ஓடு கழற்றும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், மூன்று நாள் பொறுத்திருந்தாலாவது ஓடு கெட்டியாகியிருக்கும். கையில் எடுத்தால் அழுகின பழம் மாதிரி நசுங்கியது. ஏஜென்ட் அதைக் காட்டி இன்னும் 20 ரூபாய் குறைத்தார். ஐஸும் பாதிதான் கிடைத்தது. அப்பா கரையில் உட்கார்ந்து வலையில் துள்ளுகிற இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தரை டன் கிலோ 120 ரூபாய்க்குப் போனது. போட்ட காசில் மூன்று லட்சத்துக்கு மேல் நட்டம், அந்தக் கடனை மூன்று வருஷம் கட்டினேன்.

என் மச்சான் தம்பிக்கோட்டைப் பக்கம் பண்ணை வைத்திருக்கிறார். அவர் பிடிக்கவில்லை. ஜூனில் 45 கவுண்டில் பிடித்து நல்ல விலைக்கு விற்றார். அவருக்கும் எனக்கும் ஒரே தண்ணீர், ஒரே ஹேச்சரியில் (குஞ்சு பொரிக்கும் இடம்) வாங்கிய குஞ்சு. நான் செய்தது தப்பா? நாளைக்கு இன்னொரு நோய் வந்து ஊரை மூடினால் என்ன செய்வது?

பழவேற்காட்டான் (பொன்னேரி)

நேராகவே சொல்கிறேன், தப்புதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் அப்போது நான்கு குட்டை, இறாலுக்கு 48 நாள். எனக்கும் தீவனம் ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. முதல் வேலையாகத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். இறால் பட்டினியில் உடனே செத்துவிடாது, வளர்ச்சிதான் நிற்கும். ஓடு கழற்றுகிற நாளில் மட்டும் கவனம் வேண்டும், பசியில் மெத்தென்று கிடப்பதைப் பக்கத்து இறால் கடித்துவிடும். அப்புறம் குட்டைக்குக் கால்வாசி வலை போட்டு எடுத்தேன். நெரிசல் குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும், ஏரேட்டர் ஓடும் நேரமும் குறையும், டீசல் மிச்சம்.

அந்தக் கால்வாசியை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்கவில்லை. தாசில்தார் ஆபீசில் பாஸ் வாங்கி ஒரு குட்டியானையில் ஐஸ்பெட்டியை ஏற்றி மீஞ்சூர், மணலி, மாதவரம் என்று தெருத்தெருவாக விற்றோம். விசைப்படகு கடலுக்குப் போகவில்லை, காசிமேட்டில் கூட்டம் கூடக் கூடாது, பின்னாடியே ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிட்டது. கடல் மீனே இல்லாத நேரத்தில் வாசலுக்கு வருகிற இறாலை யார் வேண்டாம் என்பார்கள்? கிலோ 250க்கு விற்றேன். 100 கவுண்ட் இறால் ஏற்றுமதிக்குத்தான் பொடி, குழம்புக்கு அதுதான் ருசி.

உங்களை விழ வைத்தது கொரோனா இல்லை, பயம்தான். விலையை ஏஜென்ட் வாயிலிருந்து மட்டும் கேட்டீர்கள்.

ஐஸ்வண்டி (நாகப்பட்டினம்)

ஏஜென்ட் என்றதும் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறீர்கள். நான் அப்போது ஒரு கம்பெனிக்கு இறால் எடுத்துக் கொடுத்தவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு வர வேண்டியவர்களில் மூன்றில் ஒருவர்தான் வந்தார். பஸ் இல்லை. ஒடிசா, அசாம் பையன்கள் ஊருக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களையும் ஒரே மேஜையில் நெருக்கி நிறுத்த முடியாது. ஒரு நாளைக்கு 20 டன் எடுத்த இடத்தில் ஆறு டன்தான் உறைய வைக்க முடிந்தது. குளிர்கிடங்கு முழுக்க போகாத பழைய சரக்கு, சீனாவுக்கு ஏற்ற வேண்டியது ஜனவரியிலிருந்தே தேங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து எல்லாப் பண்ணையிலும் ஒரே நாளில் மதகைத் திறந்தார்கள். வேதாரண்யத்தில் மட்டுமா, நெல்லூர், பீமவரம், காக்கிநாடா எல்லா இடத்திலும் அதேதான். விலை விழாமல் என்ன செய்யும்?

நான் 140 சொன்ன இறாலைக் கம்பெனி என்னிடம் 135க்கு எடுத்தது. மூன்று லோடு திரும்பி வந்தது, திரும்பி வந்த இறாலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஒரு லோடைக் கருவாட்டுக்குக் கொடுத்தேன். குட்டைக்காரர் அண்ணன் பிடித்த நாளில் நான் வண்டியிலேயேதான் தூங்கினேன், வீட்டுக்குப் போனால் தொற்றிக்கொள்ளுமோ என்று பயம்.

மீன்பிடித்தல், பண்ணை, தீவனம், ஹேச்சரி, பதப்படுத்தல் எல்லாவற்றுக்கும் விலக்கு என்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது ஏப்ரல் 10ஆம் தேதி. 25ஆம் தேதியே அந்த ஒரு தாள் கையில் இருந்திருந்தால் பாதிப் பேர் பிடித்திருக்கவே மாட்டார்கள். பதினாறு நாள். இறாலுக்குப் பதினாறு நாள் என்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

குட்டைக்காரன் (வேதாரண்யம்)

பழவேற்காட்டு அண்ணே, கோபம் இல்லை. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் சென்னை இருக்கிறது. எனக்குத் திருத்துறைப்பூண்டியைத் தாண்டினால் தஞ்சாவூர்தான். ஐந்தரை டன்னை எந்தத் தெருவில் விற்பேன்? பாஸுக்கு நானும் அலைந்தேன், அத்தியாவசியப் பட்டியலில் இறால் பண்ணை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், காட்ட என்னிடம் எதுவும் இல்லை. பதினாறு நாள் கணக்கை ஐஸ்வண்டி தம்பி சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது.

கப்பல்கணக்கு (தூத்துக்குடி)

ஏற்றுமதி ஆவணம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். குட்டைக்கரையில் தெரிந்தது மார்ச்சில். எங்களுக்கு அது ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. வூகான் ஹுவானான் கடலுணவுச் சந்தையை 2020 ஜனவரி 1 அன்று மூடினார்கள். அடுத்து சீனப் புத்தாண்டு, அதோடு ஊர் ஊராகப் பூட்டு. பிப்ரவரியில் ஷாங்காய், தியான்ஜின் துறைமுகங்களில் இறக்கிய குளிர்ப் பெட்டகங்களை (குளிரூட்டிய கண்டெய்னர்) எடுத்துப்போக லாரி டிரைவர்கள் இல்லை. குளிர்ப் பெட்டகம் என்பது சும்மா நிற்கிற இரும்புப் பெட்டி இல்லை, கரண்ட் பிளக் வேண்டும், எல்லாப் பிளக்கும் நிறைந்துபோய் அடுத்த கப்பல்களை வேறு துறைமுகத்துக்குத் திருப்பினார்கள். அங்கே பெட்டகம் மாட்டிக்கொண்டால் இங்கே காலிப் பெட்டகம் வராது. வேதாரண்யத்தில் இறால் விலை விழுந்ததற்கு ஒரு காரணம் தியான்ஜினில் இல்லாமல் போன ஒரு பிளக் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் அந்தத் தாள்களைப் பார்த்தவன்.

அப்புறம் ஜூனில் பெய்ஜிங் ஷின்ஃபாடி சந்தையில் சால்மன் வெட்டுகிற பலகையில் வைரஸ் தடம் இருந்தது என்றார்கள், ஒரே இரவில் கடைகளிலிருந்து சால்மன் காணாமல் போனது. ஜூலை 10 அன்று ஈக்வடார் இறாலின் அட்டைப்பெட்டி வெளிப்பக்கத்திலும் பெட்டகத்தின் உள்சுவரிலும் தடம் என்று மூன்று கம்பெனிகளை நிறுத்தினார்கள். இறாலில் எதுவும் இல்லை, பெட்டியில்தான். அதிலிருந்து நம் சரக்குக்கும் பெட்டி பெட்டியாகக் குச்சி வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள், சில கம்பெனிகளுக்கு ஒரு வாரம் தடையும் விழுந்தது. மீனுக்கோ இறாலுக்கோ இந்த வைரஸ் தொற்றாது என்று மீன் நோய் விஞ்ஞானிகள் அந்த வருஷமே எழுதினார்கள், ஆனால் செய்தி ஓடுகிற வேகத்தில் விளக்கம் ஓடுமா?

அமெரிக்கப் பக்கம் வேறு கதை. அங்கே ஜனங்கள் கடலுணவுக்குச் செலவழிக்கிற காசில் பெரும்பகுதி ஹோட்டலில்தான். ஹோட்டல் மூடியதும் பெரிய சைஸ் இறால் நின்றது. கொஞ்ச நாளில் வீட்டில் சமைக்கச் சூப்பர்மார்க்கெட்டில் உரித்த உறைந்த இறாலை அள்ளினார்கள். தேவை இருந்தது, ஆனால் வேறு சைஸ், வேறு பாக்கெட், உரித்தது. உரிக்க இங்கே ஆள் இல்லை. அந்த இடத்தில் ஈக்வடார் நுழைந்தது. சீனா அடித்ததும் அவர்கள் முகத்தை அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் திருப்பினார்கள், 2021ல் அவர்கள் ஏற்றுமதி 8 லட்சம் டன்னைத் தாண்டியது.

நம் நாட்டுக் கணக்கு இது. 2019-20ல் கடலுணவு ஏற்றுமதி 12,89,651 டன், 46,662 கோடி ரூபாய். 2020-21ல் 11,49,341 டன், 43,717 கோடி. அடுத்த வருஷமே 57,586 கோடி. மேலே இருந்து பார்த்தால் ஒரு வருஷம் லேசாகச் சறுக்கி எழுந்த மாதிரி தெரியும், ரூபாயில் ஆறு சதவீதச் சறுக்கல்தான். குட்டைக்காரரின் மூன்று லட்சம் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அவர் 120க்கு விற்ற இறாலும் உறைந்து, பெட்டியாகி, ஏற்றுமதிக் கணக்கில் வரவாகத்தான் ஏறியிருக்கும்.

முத்துச்செல்வி (தூத்துக்குடி)

இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. உரிக்க ஆள் இல்லை என்று மேலே ஒரு வரியில் போய்விட்டதால் எழுதுகிறேன்.

என் அம்மா பதினெட்டு வருஷமாக இறால் உரிக்கிறார். காலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன் வரும். கிலோ கணக்கில்தான் கூலி, உரித்தால் காசு, இல்லையென்றால் இல்லை. ஊரடங்கு போட்டதும் வேன் நின்றது. எங்கள் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று தகரம் வைத்து அடைத்தார்கள், கம்பெனி திறந்த பிறகும் அந்தத் தெருப் பெண்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு நாள். அந்த நாட்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை, ரேஷன் அரிசியும் அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும்தான்.

ஐஸ் தண்ணீரில் கை போட்டுப் போட்டு அம்மாவுக்கு விரல் நுனி எப்போதும் வெடித்தே இருக்கும், இறால் கொம்பு குத்தின இடம் பழுத்திருக்கும், சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று ஸ்பூனில்தான் சாப்பிடுவார். அந்த நாற்பத்தொரு நாளில்தான் அவர் விரல் முழுசாக ஆறியது. ஒரு நாள் கையால் பிசைந்து சாப்பிட்டார், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மே மாதம் வேலைக்குப் போய் ஒரே வாரத்தில் திரும்ப வெடித்துவிட்டது.

விலை, பெட்டகம், கவுண்ட் எல்லாம் பேசுங்கள். இதையும் அதில் சேருங்கள்.

மரக்காணம் ஹேச்சரி

செல்வி, நீங்கள் எழுதியது நல்லது. அம்மாவுக்கு என் வணக்கம்.

குஞ்சுப் பக்கம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். வனாமி நம் ஊர் இறால் இல்லை, 2009லிருந்துதான் இங்கே வளர்க்க அனுமதி. தாய் இறால் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வரும், நீலாங்கரையில் இருக்கிற தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைத்துச் சோதித்த பிறகுதான் ஹேச்சரிக்குக் கொடுப்பார்கள். 2020 மார்ச் 22ஆம் தேதியோடு வெளிநாட்டு விமானம் நின்றது. நம் கிழக்குக் கடற்கரை முழுக்க இருக்கிற குட்டைகள் எந்தக் கயிற்றில் தொங்குகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பழைய தாய் இறாலை வைத்தே இழுத்தோம். வயசான தாயின் குஞ்சு வலு குறைவு, அதை மறைக்காமல் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன், பாதிப் பேர் முன்பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். மார்ச் கடைசியில் வாங்க ஆளே இல்லாமல் இரண்டு தொட்டிக் குஞ்சை வடிகாலில் திறந்துவிட்டோம். அரிசி மாதிரி இருக்கும், வெயிலில் ஒரு மணி நேரம் மினுமினுத்துக்கொண்டே இருந்தது.

எனக்கு அதைவிட மறக்காதது 2021 ஏப்ரல். குஞ்சைப் பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மீதி ஆக்சிஜனும் நிரப்பித்தான் அனுப்புவோம், ஒவ்வொரு ஹேச்சரியிலும் சிலிண்டர் வரிசையாக நிற்கும். இரண்டாம் அலையில் தொழிற்சாலை ஆக்சிஜனை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். எங்களிடம் பதினான்கு சிலிண்டர். யாரும் வந்து கேட்கவில்லை, எங்கள் பம்ப் ஆபரேட்டரின் அண்ணன் படுக்கை கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சிலேயே கிடந்தார். முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு நிரப்பிக்கொள்ளட்டும் என்று ஒன்பது காலிச் சிலிண்டரை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அந்த மாதம் தூரத்து ஆர்டர் எதையும் எடுக்கவில்லை, தண்ணீரை நன்றாகக் குளிர வைத்து, ஒரு பையில் போடுகிறதில் பாதிக் குஞ்சைப் போட்டு, இரண்டு மணி நேர தூரத்துக்கு மட்டும் ராத்திரியில் அனுப்பினோம். இறாலுக்கும் மனுஷனுக்கும் ஒரே மூச்சு என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். அந்த அண்ணன் பிழைத்துவிட்டார்.

பீமவரம் தமிழன்

நான் ஆந்திராவில் தீவன விற்பனையில் இருக்கிறேன். இங்கே மாநில அரசே தலையிட்டுக் குறைந்தபட்ச விலை அறிவித்தது, 100 கவுண்டுக்கு 180, 30 கவுண்டுக்கு 430 என்று. குட்டைக்கரையில் எல்லோருக்கும் அந்த விலை கிடைத்ததா என்றால் இல்லை, என் வாடிக்கையாளர்கள் பலர் குறைத்துத்தான் விற்றார்கள். ஆனாலும் ஒரு எண் இருந்தது. போனில் பேரம் பேசும்போது இவ்வளவு என்று அரசு சொல்லியிருக்கிறதே என்று கேட்க முடிந்தது. பயத்தில் பிடிப்பது இரண்டாவது வாரத்தில் குறைந்தது. குட்டைக்காரர் அன்றைக்கு 26ஆம் தேதி இரவு அப்படி ஒரு எண்ணைக் கேட்டிருந்தால் மதகைத் திறந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். சென்னையில் இருக்கிற சீபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) விஞ்ஞானிகள் அந்த வருஷம் இந்திய இறால் துறைக்கு 150 கோடி டாலர் இழப்பு வரும் என்று மதிப்பிட்டார்கள். அதில் எவ்வளவு நோயால், எவ்வளவு வதந்தியால் என்று பிரித்துப் பார்க்க முடிந்தால் வதந்தியின் பங்கு சின்னதாக இருக்காது.

நண்டுக்கூடு (யாழ்ப்பாணம்)

வதந்தி என்றதும் எங்கட கதையையும் சொல்ல வேணும். 2020 ஒக்டோபர் 21, கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடை மீன் சந்தையில் 49 பேருக்குத் தொற்று என்று சந்தையை மூடினார்கள். தொற்றினது வியாபாரிகளுக்கு. ஆனால் சனம் மீனில் கொரோனா என்று எடுத்துக்கொண்டது. அடுத்த நாளே மீன் வாங்க ஆளில்லை. நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலீப் வெதஆராச்சி ஊடகங்களுக்கு முன்னால் ஒரு மீனைப் பச்சையாகக் கடித்துக் காட்டினார், பயப்படாமல் வாங்குங்கோ என்று. உலகம் முழுக்க அதைக் காட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணை. என்ர வீட்டு வாசலில் அன்றைக்கு 30 கிலோ நீலநண்டு கூடைக்குள் கிடந்தது.

நண்டுக் கம்பனி எடுக்கிறதை நிறுத்திவிட்டுது, சந்தைக்குக் கொண்டுபோனால் போன காசு வராது. நண்டு செத்தால் கெதியில் சதை தண்ணியாகிப் போகும். அன்றைக்கு இரவு மனிசியும் அம்மாவும் இருந்து அவித்து உடைத்து, அயலுக்கெல்லாம் கொடுத்தோம். உங்கட இறால் தண்ணிக்குள் உயிரோட நிற்கும், பிடிக்காமல் விடலாம். எங்கட வலையில் ஏறினது ஏறினதுதான்.

கணேசபுரத்தான் (மேரிலாந்து)

செசபீக் விரிகுடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், வேலை கம்ப்யூட்டர்தான். என் பக்கத்து வீட்டுக்காரர் சிப்பி வளர்க்கிறார், கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை என்பதால் சனி ஞாயிறு அவரோடு படகில் போனேன்.

இங்கே சிப்பியை ஹோட்டலில் பச்சையாக ஐஸ் மேல் வைத்துக் கொடுப்பார்கள். வீட்டில் யாரும் திறப்பதில்லை, கத்தி பிடிக்கத் தெரியாதவர் கையைக் கிழித்துக்கொள்வார். 2020 மார்ச் நடுவில் ஹோட்டல்கள் மூடியதும் அவருக்கு விற்பனை ஒரே வாரத்தில் பூஜ்யம். சிப்பிக்குத் தீவனம் வேண்டாம், தண்ணீரில் இருப்பதை வடிகட்டித் தின்னும். ஏரேட்டர் வேண்டாம், டீசல் வேண்டாம். குட்டைக்காரர் நிலைமையை விட இது எவ்வளவோ மேல் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது வளர்வதை நிறுத்தாது. மூன்று அங்குலம் இருந்தால்தான் ஹோட்டல்காரர் கேட்பார், ஒரே வாயில் விழுங்க வேண்டும். கோடையில் நான்கு, ஐந்து அங்குலம் ஆகிவிட்டது. கூண்டில் இடம் அடைத்துக்கொண்டதால் அடுத்த குஞ்சைப் போட இடமில்லை. அந்த வருஷம் விற்காதது அடுத்த இரண்டு வருஷத்தையும் சேர்த்துத் தின்றது.

இங்கே நடந்த ஒரு நல்ல விஷயம், இரண்டு பெரிய தொண்டு அமைப்புகள், பியூவும் நேச்சர் கன்சர்வன்சியும், சேர்ந்து 20 லட்சம் டாலர் போட்டு ஏழு மாநிலங்களில் 50 லட்சம் சிப்பிகளை வாங்கித் திரும்பக் கடலிலேயே பழைய சிப்பித் திட்டுகளில் போடும் திட்டத்தை அந்த அக்டோபரில் தொடங்கின. விற்க முடியாத அந்தப் பெரிய சிப்பிகளைத்தான் முக்கியமாக எடுத்தார்கள். திட்டும் வளர்ந்தது, வளர்த்தவருக்கும் காசு வந்தது. இறாலுக்கு அப்படிச் செய்ய முடியாது என்று தெரியும், வனாமியைக் கடலில் விடவே கூடாது. ஆனால் வாங்க ஆளில்லாத நேரத்தில் வாங்குவதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்ற யோசனை நம் ஊருக்கும் பொருந்தும் இல்லையா? பள்ளிக்கூடச் சத்துணவு, ஆஸ்பத்திரி, விடுதி, எத்தனை இடம் இருக்கிறது.

பழவேற்காட்டான் (பொன்னேரி)

நேற்று இரவு எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். குட்டைக்காரரே, தப்புதான் என்று முதல் வரியில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். எனக்குப் பாஸ் கொடுத்த தாசில்தார் ஆபீசில் என் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் வேலை பார்த்தான். அதை நான் எழுதவில்லை. அவன் இல்லையென்றால் மாதவரத்துக்கு வண்டி போயிருக்காது, நானும் மதகைத்தான் திறந்திருப்பேன். உங்கள் மச்சானுக்கும் எங்கேயோ ஒரு தீவன மூட்டை கிடைத்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

குட்டைக்காரன் (வேதாரண்யம்)

கேட்டேன் அண்ணே. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. அவர் கொழுந்தியாள் வீட்டுக்காரர் பட்டுக்கோட்டையில் தீவனக் கடை வைத்திருக்கிறார், பின்வாசல் வழியாக 60 மூட்டை கொடுத்தாராம். அதைச் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். உனக்கும் 20 மூட்டை எடுத்து வைத்திருந்தேன், நீ அதற்குள் பிடித்துவிட்டாய் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

சரி, இந்த வருஷம் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதிவிடுகிறேன். மூன்று குட்டையிலும் ஒரே நாளில் குஞ்சு விடப்போவதில்லை, இருபது நாள் இடைவெளி விடுகிறேன், எல்லாம் ஒரே நாளில் மாட்டக் கூடாது. குட்டைக்கு 2.4 லட்சத்துக்குப் பதில் ஒன்றரை லட்சம்தான். தீவனம் எப்போதும் இருபது நாளுக்குக் கையிருப்பு, அதற்காக ஷெட்டில் எலி ஏறாத மாதிரி மேடை கட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் ஏழு பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், விலை கேட்டால் குழுவில் போட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், பயத்தில் பிடிக்கிறவர் முதலில் மற்ற ஆறு பேரையும் கூப்பிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். மகளிர் குழுப் பெண்கள் திருத்துறைப்பூண்டி சந்தையில் வாரம் இரண்டு நாள் உரித்த இறால் விற்கத் தயாராக இருக்கிறார்கள். செல்வி, கூலி கிலோவுக்கு இல்லை, நாள் கூலி. கையுறை நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம்.

மரக்காணம் அண்ணே, முதல் குட்டைக்கு ஒன்றரை லட்சம் குஞ்சு வேண்டும், தை முதல் வாரம். ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் இங்கே வந்துவிடும்.

மரக்காணம் ஹேச்சரி

தருகிறேன். தாய் இறால் புதுசுதான், நவம்பரில் வந்தது, சோதனைத் தாள் அனுப்புகிறேன். உங்கள் வாய்க்கால் தண்ணீரில் உப்பு இப்போது எவ்வளவு? அதைச் சொன்னால் நான்கு நாள் முன்னாலேயே குஞ்சை அந்த உப்புக்குப் பழக்கி வைக்கிறேன்.

குட்டைக்காரன் (வேதாரண்யம்)

இன்று காலையில் பார்த்தது லிட்டருக்கு 12 கிராம். இந்தக் காற்று இப்படியே அடித்தால் தை பிறக்கும்போது 18 வந்துவிடும். ஏற்றுவதற்கு ஐந்து நாள் முன்னால் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.